பட்டமும் இல்லறமும்: வேலைக்குப் பின் படித்தோரின் வரலாறு

பல்கலைக்கழகம் வழங்கும் பட்டச் சான்றிதழிலே ஒருவருடைய பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். அவர் மணமானவரா, அவர் நூலோடு அமர்ந்திருந்த இரவுகளில் வீட்டுக் காரியங்களைக் கவனித்தவர் யார், பிள்ளைகளை உறங்கவைத்தவர் யார் என்பனவற்றை அச்சான்றிதழ் கூறுவதில்லை. கல்வி வரலாற்றை எழுதியோரும் இவற்றைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எந்த ஆண்டில் எந்தக் கட்டடம் எழுந்தது, எந்த அரசர் பட்டயம் அளித்தார், முதல் துணைவேந்தர் யார் என்று அடுக்கிச் செல்லும் அந்நூல்களிலே, பகலெல்லாம் உழைத்து இரவிலே படித்தவனுடைய மனைவியும், அவ்வாறு படித்தவளுடைய கணவனும் காணப்படுவதில்லை. அவர்களைத் தேடிப் பார்ப்பதாயின் பிரித்தானியாவின் வரலாறே மிகவும் துணைசெய்யும். தொழில் செய்துகொண்டே உயர்கல்வி கற்கும் வழக்கம் அங்கேதான் இருநூறு ஆண்டுகளாக இடையறாது நடந்துவந்திருக்கிறது.

1823ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் பேர்க்பெக் என்னும் மருத்துவரும் அவர் நண்பர்களும் இலண்டனில் கைத்தொழிலாளருக்கான கல்விக் கழகமொன்றை நிறுவினர். பட்டறையில் வேலை முடிந்த பின்னர், மாலையில் வந்து விஞ்ஞானமும் கணிதமும் கேட்டுச் செல்வதற்கு அமைந்த இடம் அது. 1830ஆம் ஆண்டிலே பெண்களுக்கும் அதன் கதவு திறக்கப்பட்டது. அக்காலத்துக்கு அது பெரிய துணிவு. ஆயினும் பல்லாண்டுகள் வரை அங்கு வந்தோரிற் பெரும்பாலார் ஆண்களே. பன்னிரண்டு மணி நேரம் சுத்தியலோடும் அரத்தோடும் நின்ற ஒருவன் கைகழுவிவிட்டு விரிவுரை கேட்கப் போனால், வீட்டிலே அவனுக்கு உணவு காத்திருந்தது என்றுதான் பொருள். அதனைக் காத்து வைத்திருந்தவளைப் பற்றி எவரும் கேள்வி எழுப்பவில்லை. அது கேள்வியாகவே தோன்றாத காலம் அது.

1858ஆம் ஆண்டிலே இலண்டன் பல்கலைக்கழகம் புதியதொரு பட்டயத்தின்படி தன் பரீட்சைகளை எல்லாருக்கும் திறந்துவிட்டது. எந்தக் கல்லூரியிலும் கால்வையாதவனும், கட்டணத்தைச் செலுத்திப் பரீட்சையிற் சித்தியடைந்தால் பட்டதாரி ஆகலாம். எல்லாருக்கும் என்பது ஆண்கள் எல்லாருக்கும் என்றே அப்போது பொருள்பட்டது. பெண்கள் அப்பட்டத்துக்கு உரியவராவதற்கு மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. 1878இல் அத்தடை நீங்கியது.

இப்பரீட்சையின் கிளைதான் கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. 1921ஆம் ஆண்டிலே கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டபோதும், அது இலண்டன் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இலேதான் இலங்கைப் பல்கலைக்கழகம் தனியாக எழுந்தது. அதற்கு முன்னரும் பின்னரும், பகலிலே பாடசாலையிற் கற்பித்து இரவிலே இலண்டன் வெளிவாரிப் பரீட்சைக்குப் படித்த ஆசிரியர் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்தனர். சுவாமி விபுலாநந்தர் துறவு பூணுமுன், மயில்வாகனனார் என்ற பெயரோடு ஆசிரியப் பணியில் இருந்த காலத்திலே, இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். அவர் இல்லறம் ஏற்காதவர். எனவே அவருடைய இரவுகள் அவருக்கே சொந்தமாயிருந்தன. மணமான ஆசிரியருடைய நிலை வேறு. ஓர் அறை, ஒரு விளக்கு. விளக்கைச் சுற்றியே வீடு இயங்கிய காலத்தில், அதனை ஒருவர் தம் மேசைக்கு எடுத்துக்கொண்டால் ஏனையோர் இருளிலே இருக்க வேண்டியவராயினர்.

தமிழகத்திலே அன்னி பெசன்ட் அம்மையார் என்றாற் பிரமஞான சபையும் சுயாட்சி இயக்கமும் நினைவுக்கு வரும். அவர் ஒரு காலத்திலே இலண்டனிற் பகுதி நேர மாணவியாக இருந்தார் என்பது பலருக்கும் தெரியாது. மத குரவரான பிராங் பெசன்டை 1867இல் மணந்து, சமய நம்பிக்கையிலே எழுந்த பிளவினால் 1873இல் அவரைப் பிரிந்தார். கருத்தடை பற்றிய நூலொன்றை வெளியிட்டமைக்காக 1877இல் நீதிமன்றத்திலே நிறுத்தப்பட்டார். அதன் பின்னர் அவருடைய மகளை வளர்க்கும் உரிமையையும் நீதிமன்றம் அவரிடமிருந்து பறித்தது. இவ்வளவும் நிகழ்ந்த பின்னரே, இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களை ஏற்றுக்கொண்ட அடுத்த ஆண்டிலே, அவர் பட்டப்படிப்பிற் புகுந்தார். எழுத்து, மேடைப் பேச்சு, பத்திரிகைப் பணி ஆகியவற்றுக்கிடையே விஞ்ஞானம் பயின்றார். பேர்க்பெக் கழகத்திலே பரீட்சையிற் சித்தியடைந்தபோது, அவர் பெயரை அச்சிட்டால் நன்கொடையாளர் முகஞ்சுளிப்பர் என்று அஞ்சிய நிர்வாகம், பெறுபேற்றுப் பட்டியலில் அதனை விட்டுவிட்டது. இறுதியில் அவருக்குப் பட்டம் கிட்டவேயில்லை. அவருடைய இல்லறம் கல்வியினால் முறிந்ததன்று. இல்லறம் முறிந்த பின்னரே கல்விக்கு இடம் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஒரு பெண்ணுக்கு இவையிரண்டும் ஒரே வீட்டில் ஒருங்கே அமைவது அரிதாக இருந்தமையை அவருடைய வாழ்க்கை காட்டுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வேறொரு தம்பதியரைக் காண்கிறோம். அல்பேட் மான்ஸ்பிரிட்ஜ் பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றவர். மாலை வகுப்புகளிலே தாமாகக் கற்றவர். தொழிலாளருக்கு உயர்கல்வி கிடைக்கச் செய்யும் சங்கமொன்றை அவர் 1903இல் தொடங்கினார். பின்னாளிலே தொழிலாளர் கல்விச் சங்கம் என்று புகழ்பெற்றது அதுவே. அச்சங்கத்தின் முதல் மூலதனம் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். அவருடைய மனைவி பிரான்ஸிஸ் தம் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த காசு அது. சங்கத்தின் வரலாற்றைச் சொல்வோர் எல்லாரும் இதனை ஓர் இனிய செய்தியாகச் சொல்லிக் கடந்து போவர். ஆனால் அந்தக் காசு கல்வித் திணைக்களத்திலிருந்தோ செல்வர் ஒருவரின் பையிலிருந்தோ வரவில்லை. மாவுக்கும் நிலக்கரிக்கும் வைத்திருந்த பணத்திலிருந்து வந்தது. வேலைக்குப் பின் படிக்கும் கல்விக்கு எப்பொழுதும் முதற் கடன் கொடுப்பது எது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

1908ஆம் ஆண்டு ஜனவரியிலே ஆர். எச். டோனி என்னும் பொருளியல் வரலாற்றறிஞர் அச்சங்கத்தின் சார்பிலே லோங்டன் நகரில் வெள்ளி மாலையும், ரொச்டேல் நகரிற் சனி பிற்பகலும் வகுப்புகளைத் தொடங்கினார். மட்பாண்டத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் அங்கு வந்து அமர்ந்தனர். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, ஆண்டுக்கு இருபத்துநான்கு வகுப்புகள். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். அவற்றோடு கட்டுரைகளும் எழுதுதல் வேண்டும். தரத்திலே பல்கலைக்கழகக் கல்விக்குக் குறையாதது. சனி பிற்பகல் என்பதை ஊன்றி நோக்குதல் நன்று. ஆலைத் தொழிலாளிக்குக் கிழமை முழுவதிலும் கிடைத்த ஒரே அரை நாள் ஓய்வு அது. கணவனும் மனைவியும் சேர்ந்து கடைத் தெருவுக்குப் போவதும், உறவினரைக் காண்பதும், ஒன்றும் செய்யாது அமர்ந்திருப்பதும் அந்த அரை நாளிலேதான். அது மூன்றாண்டு காலம் பொருளாதார வரலாற்றுக்குப் போய்விட்டது. லங்காஷயரிலே மனைவியரும் ஆலையில் நெசவு செய்தவரே. அவர்களுக்கோ அந்த அரை நாள் ஓய்வன்று. துணி துவைக்கும் நேரம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் நிலைமை வேறாயிற்று. ஆசிரியைகள் மணமுடித்தால் வேலையை விடவேண்டும் என்றிருந்த விதி 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தினால் ஒழிந்தது. பள்ளிகளுக்கு ஆசிரியர் பெருந்தொகையாகத் தேவைப்பட்டனர். இரண்டாண்டுப் பயிற்சி பெற்றுச் சான்றிதழோடு நின்றோர் பலர்; பட்டம் இருந்தாற் சம்பளம் உயரும், பதவி உயரும். இவர்களோடு, பதினைந்து வயதிலே பள்ளியை விட்டவர்களும், திருமணம் செய்து பிள்ளைகளை வளர்த்த பின்னர் தம் அறிவு வீணாகியது என்று உள்ளே வருந்திக்கொண்டிருந்த பெண்களும் சேர்ந்து, பகலிற் பல்கலைக்கழகம் போக முடியாத ஒரு பெருங் கூட்டமாயினர்.

இக்கூட்டத்துக்காகவே 1963ஆம் ஆண்டு செப்டெம்பரில் தொழிற்கட்சித் தலைவர் ஹரோல்ட் வில்சன் கிளாஸ்கோ நகரிலே பேசுகையில், வானலை வழியாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றை அமைக்கும் எண்ணத்தை வெளியிட்டார். மைக்கேல் யங் என்னும் சமூகவியலறிஞர் அதற்கு முந்திய ஆண்டிலேயே இத்தகைய திறந்த பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதியிருந்தார். கிழக்கு இலண்டனிலே குடும்பமும் உறவும் இயங்கும் முறையை ஆராய்ந்து 1957இல் நூல் வெளியிட்டவரும் அவரே. வில்சன் பிரதமரானதும் அத்திட்டத்தை ஜெனி லீ அம்மையாரின் கையில் ஒப்படைத்தார். கட்சிக்குள்ளேயும் அலுவலர் நடுவிலும் எழுந்த எதிர்ப்புகளையெல்லாம் அவர் பிடிவாதமாக முறியடித்தார். எதிர்க்கட்சியின் இயன் மக்லியோட் இதனை வெறும் பிதற்றல் என்று இகழ்ந்தார். 1970இல் அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்தபோதோ, கல்வியமைச்சரான மார்கரெட் தட்சர் அதனை அழியவிடவில்லை.

ஜெனி லீயின் சொந்த இல்லறமும் இங்கு எண்ணத்தக்கது. ஸ்கொட்லாந்தின் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளான அவர், எடின்பரோவிலே பட்டம் பெற்று, 1929இல் இருபத்துநான்கு வயதிலே பாராளுமன்றம் புகுந்தவர். 1934இல் அனியூரின் பெவனை மணந்தார். இருவரும் அரசியலிலே மூழ்கியவர். அவர்களுடைய வீட்டிலே சமைத்தவரும் வீட்டை நடத்தியவரும் ஜெனி லீயின் தாயார். தம் மகள் அடுப்படியிலே சிக்கிவிடலாகாது என்று அத்தாய் விரும்பினார். தாமே அதனை ஏற்றுக்கொண்டார். வீட்டிலிருந்தபடியே படிக்கும் பல்கலைக்கழகத்தை நாட்டுக்குத் தந்த அம்மையாரின் வீட்டில், அப்படி ஒரு தாய் இருந்தார். அப்பல்கலைக்கழகத்திற் சேர்ந்த பெண்கள் பலருடைய வீடுகளில் அப்படி ஒருவரும் இல்லை.

1969இல் அரச பட்டயம் பெற்ற திறந்த பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டு ஜனவரியிலே தன் முதற் பாடங்களைத் தொடங்கியது. சேர்வதற்கு முன்னைய தகைமை எதுவும் வேண்டியதில்லை. சுமார் 24,000 பேர் முதலாண்டிலேயே படிக்கத் தொடங்கினர். தொழில்வாரியாக நோக்கின் ஆசிரியரே மிகுதி. பெண்கள் மூன்றில் ஒரு பங்கையும் எட்டவில்லை. பின்வந்த ஆண்டுகளிலே அவர்களுடைய தொகை படிப்படியாக உயர்ந்தது.

தபாற்காரர் கொண்டுவந்த பொதி ஒன்றோடு பல்கலைக்கழகம் வீட்டுக்குள் நுழைந்தது. அச்சிட்ட பாடநூல்கள், வினாத்தாள்கள். விஞ்ஞான மாணவராயின் சிறியதொரு நுணுக்குக்காட்டி, இரசாயனப் பொருள்கள், கண்ணாடிக் குழாய்கள். இவற்றை வைப்பதற்குப் பெரும்பாலான வீடுகளில் ஓரிடமே உண்டு. அது சாப்பாட்டு மேசை. பரிசோதனை முடியுமட்டும் உணவு பொறுத்திருக்க வேண்டும், அல்லது உணவு முடியுமட்டும் பரிசோதனை பொறுத்திருக்க வேண்டும். தொலைக்காட்சிப் பாடங்களோ பி.பி.சி. குறித்த வேளையில் ஒளிபரப்பாகும். வீட்டில் ஒரே பெட்டி. பிள்ளைகள் விரும்புவது வேறு, கணவர் விரும்புவது வேறு. பதிவுசெய்து வைக்கும் கருவி வீடுகளுக்குப் பரவுமுன்னர், மறு ஒளிபரப்பையும் தவறவிட்டால் அந்தப் பாடம் போனதுதான்.

ஒரு பாடநெறிக்குக் கிழமைக்குப் பத்து மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் கூறியது. ஓராண்டிலே சுமார் முப்பத்துநான்கு கிழமை. சாதாரணப் பட்டத்துக்கு ஆறு பாடநெறிகள்; ஆண்டுக்கு ஒன்றாக எடுத்தால் ஆறு ஆண்டுகள். பெருக்கிப் பார்த்தால் ஈராயிரம் மணி நேரத்துக்கு மேலாகிறது. இந்த ஈராயிரம் மணி நேரமும் எங்கிருந்து வருகிறது என்பதே இல்லறத்திலே எழுந்த பிணக்குகள் யாவற்றுக்கும் வேர். அலுவலகம் தன் நேரத்திலே ஒரு நிமிடத்தையும் விட்டுத்தராது. மிஞ்சியவை ஓய்வு, உறக்கம், வீட்டு வேலை என்னும் மூன்று. கணவன் மாணவனாயின் ஓய்வைக் குறைத்தான்; தோட்டத்துப் புல்லும் ஒழுகும் குழாயும் பிள்ளைகளின் வீட்டுப் பாடமும் சொல்லாமலே மனைவியின் பொறுப்பாயின. மனைவி மாணவியாயின் வீட்டு வேலை அத்துணை எளிதிலே கை மாறவில்லை. எல்லாரும் படுத்த பின்னர், அல்லது எவரும் எழுமுன்னர், அவள் நூலைத் திறந்தாள்.

கோடைகாலப் பள்ளியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அடிப்படைப் பாடநெறியைப் படிப்போர் ஆண்டில் ஒரு கிழமை வீட்டை விட்டுச் சென்று, கீல், ஸ்டேர்லிங் போன்ற பல்கலைக்கழகங்களின் விடுதிகளிலே தங்கிக் கற்க வேண்டியிருந்தது. ஆணும் பெண்ணுமாக நடுத்தர வயதினர் பலர் ஒரே இடத்தில் ஒரு கிழமை தங்குவதென்றால் வதந்திக்குப் பஞ்சமிராது. பத்திரிகைகள் அதனைச் சுவைபட எழுதின. வீட்டில் இருந்தோர் அதனை வாசித்து மனங்குழம்பினர். ஒரு சில இடங்களில் வதந்தி மெய்யாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் அந்த ஒரு கிழமையின் உண்மையான ஆற்றல் வேறோரிடத்தில் இருந்தது. மணமான நாள்முதல் ஒரு நாளேனும் பிறர்க்குச் சமைக்காது இருந்தறியாத பெண்கள், உணவைப் பிறர் பரிமாற, வரலாற்றையும் மெய்யியலையும் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தனர். தம் கருத்தை ஒருவர் கேட்டுக் குறித்துக்கொள்வதைக் கண்டனர். திரும்பி வந்தபோது அவர்கள் போனபோது இருந்தவர்களாக இல்லை. கணவர்கள் அஞ்சியது பிற ஆடவரை. அவர்கள் எண்ணிப்பாராத போட்டியாளர் நூல்களாக இருந்தன.

இனி, கல்வியினால் இல்லறங்கள் குலைந்தன என்று அக்காலத்தில் எழுந்த பேச்சு எவ்வளவு உண்மை? இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளிலே மணவிலக்குகள் 1970இல் சுமார் 58,000 ஆக இருந்து, 1972இல் சுமார் 1,19,000 ஆயின. இரண்டே ஆண்டுகளில் இருமடங்கு! ஆனால் 1969இல் நிறைவேறிய மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1971ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள். திறந்த பல்கலைக்கழகம் பாடம் தொடங்கியதும் அதே மாதம். குற்றம் எதனையும் நிறுவாமலே, மணவாழ்வு சீர்செய்ய முடியாதபடி முறிந்துவிட்டது என்ற காரணத்தால் விலக்குப் பெற அச்சட்டம் வழிசெய்தது. பெயரளவிலே நின்ற பல மணங்கள் அப்போதுதான் சட்டப்படி முடிவுற்றன. இரண்டும் ஒரே மாதத்தில் வந்தமையால் ஒன்றன் விளைவை மற்றதன் தலையிற் சுமத்துதல் எளிது. ஆனால் அது முறையன்று. கல்வி சில மணங்களை முறித்திருக்கலாம். ஏற்கெனவே முறிந்த சிலவற்றிலிருந்து வெளியேறும் துணிவையும், தனித்து நின்று பிழைக்கும் வருவாயையும் அது தந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

1974இலே லூயிஸ் கோசர் என்னும் சமூகவியலறிஞர், மனிதனை முழுமையாகத் தனக்கே வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்களைப் பேராசை கொண்ட நிறுவனங்கள் என்று பெயரிட்டு நூல் எழுதினார். குடும்பம், குறிப்பாகப் பெண்ணிடத்தில், அத்தகையதென அவர் கண்டார். இலண்டனிலே ரொசலின்ட் எட்வர்ட்ஸ் அக்கருத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு பல்கலைக்கழகம் சென்ற பெண்களை ஆராய்ந்து 1993இல் நூலொன்றை வெளியிட்டார். பகுதி நேர மாணவிகளைப் பற்றியது மட்டுமன்று அந்நூல். பல்கலைக்கழகமும் குடும்பத்தைப் போலவே பேராசை கொண்டது என்பதும், அவ்விரண்டுக்கும் நடுவிலே நின்ற பெண்கள் சிலர் படிப்பை வீட்டுக்குள் கொண்டுவராது மறைத்துப் பேணியதும், வேறு சிலர் இரண்டையும் இணைக்க முயன்றதும் அதிலே விரிவாகக் கூறப்படுகின்றன.

அமெரிக்காவிலே ஜில் சூட்டர் என்னும் ஆய்வாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. மீண்டும் படிக்கத் தொடங்கிய மனைவியரையும் அவர்தம் கணவரையும் அவர் ஓராண்டு காலம் தொடர்ந்து நோக்கினார். ஆராயப்பட்டோர் தொகை சிறிது. முழு நேரமாகப் படித்த பெண்களின் இல்லற மகிழ்ச்சி அவ்வாண்டிலே குறைந்தது. பகுதி நேரமாகப் படித்தோரின் இல்லறத்திலே பெரிய மாற்றமில்லை. இதனை மேலோட்டமாக வாசிப்பவர், பகுதி நேரக் கல்வியே குடும்பத்துக்கு உகந்தது என்று மகிழ்ச்சியோடு நூலை மூடிவிடுவர். மாற்றமில்லாமைக்குக் காரணம் என்ன என்று கேட்டால் அம்மகிழ்ச்சி நிலைக்காது. முழு நேரமாகப் படித்தவள் வீட்டு வேலையிற் சிலவற்றைக் கைவிட்டாள், தன் படிப்பையும் ஒரு கடமையாகக் கருதினாள், கணவன் தோள்கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள், அவனோ மனங்குறைந்தான். பகுதி நேரமாகப் படித்தவள் பழைய வேலை அனைத்தையும் முன்போலவே செய்துகொண்டு, அதன் மேற் படிப்பையும் ஏற்றிக்கொண்டாள். வீட்டிலே அமைதி நிலவியது. அந்த அமைதிக்கான விலையை அவளே, தன் உறக்கத்திலிருந்து செலுத்திவந்தாள். கணவனுக்கு அது தெரியவில்லை. தெரியவேண்டிய தேவை அவனுக்கு ஏற்படவுமில்லை.

பிணக்கு எழுந்த வீடுகளை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமன்று. பாடநூல் தபாலில் வந்ததனால், படிக்கப் பதிவுசெய்யாதவரும் அதனைப் புரட்டிப் பார்த்தனர். மனைவியின் பாடத்தைத் தொலைக்காட்சியிலே அருகிருந்து பார்த்த கணவர், அடுத்த ஆண்டு தாமும் விண்ணப்பித்ததுண்டு. பட்டணத்துக் கல்லூரியிலே கணவன் படித்திருந்தால், அங்கு அவன் கற்றது வீட்டுக்கு வெளியிலேயே நின்றிருக்கும். இங்கோ கல்வி வீட்டுக்குள்ளே நடந்தது. ஒட்டுக் கேட்பதற்காவது இடமிருந்தது. இல்லறத்தின் பேச்சு காய்கறி விலையையும் அயலார் செய்தியையும் கடந்து செல்ல அது சில வீடுகளில் வழி திறந்தது. ஏற்கெனவே தாம் ஓரளவு படித்திருந்த கணவர் மனைவியின் படிப்புக்குக் கூடுதலாகத் துணைநின்றனர் என்பதும் சூட்டரின் மற்றோர் ஆய்விலே தெரிகின்றது. தன்னைவிட மனைவி உயர்ந்துவிடுவாள் என்ற அச்சம் அவர்களிடத்திற் குறைவாக இருந்தது போலும்.

அந்த அச்சத்தையே வில்லி ரசல் என்னும் நாடகாசிரியர் 1980இல் மேடைக்குக் கொண்டுவந்தார். சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டு இரவுப் பள்ளியிற் படித்தவர் அவர். திறந்த பல்கலைக்கழகத்திற் சேரும் சிகையலங்காரப் பெண் ரீட்டாவே அவருடைய கதைத்தலைவி. பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தும் கணவன், சினங்கொண்டு அவளுடைய நூல்களைத் தீயிலிடுகிறான்; இல்லறம் முறிகிறது. 1983இலே அது திரைப்படமாகி உலகெங்கும் சென்றது. நாடகத்துக்குத் தீ வேண்டும். மெய்யான வீடுகளில் எரிந்த நூல்கள் மிகச் சிலவாகவே இருந்திருக்கும். அங்கு நிகழ்ந்தவை பெரும்பாலும் சிறியவை: கட்டுரை அனுப்ப வேண்டிய இரவிலே விருந்தினரை அழைத்துவரும் கணவன்; பரீட்சைக்கு முன்னாள் சட்டை ஏன் துவைக்கப்படவில்லை என்ற கேள்வி; மாணவன் கணவனாயின், ஞாயிறு முழுவதும் மூடியே இருக்கும் அறைக் கதவு. இவற்றுள் எதனையும் வைத்து நாடகம் எழுத முடியாது. ஆனால் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து நிகழ்ந்தால், தீ செய்யும் வேலையை இவையும் செய்யும்.

1973ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டனின் அலெக்சாண்டிரா மாளிகையிலே திறந்த பல்கலைக்கழகத்தின் முதற் பட்டமளிப்பு விழா நடைபெற்றது. ஏனைய பல்கலைக்கழகங்களின் விழாக்களிலே பட்டதாரிகளின் பெற்றோர் அவையில் அமர்ந்து கைதட்டுவர். இங்கே கைதட்டியோர் கணவரும் மனைவியரும் பிள்ளைகளுமாக இருந்தனர்.

இலங்கையிலே 1980ஆம் ஆண்டில் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நாவலையிலே தலைமையகமும் யாழ்ப்பாணம், கண்டி, மாத்தறை முதலிய இடங்களிலே நிலையங்களுமாக அது விரிந்தது. ஒரே விளக்கைப் பகிர்ந்துகொண்ட பழைய வெளிவாரி மாணவரின் காலம் போய், மின்விளக்கும் பின்னர் கணினியும் வந்தன. பிரித்தானியாவிலும் 2006ஆம் ஆண்டு டிசெம்பரோடு பி.பி.சி.யின் இரவுநேரப் பாட ஒளிபரப்பு நின்றுவிட்டது. பாடங்களை இப்போது விரும்பிய வேளையிலே பார்க்கலாம். தொலைக்காட்சிப் பெட்டிக்காக வீட்டில் வழக்கு எழுவதில்லை. வேளை விருப்பம்போல் அமைந்தபோது, அந்த வேளை எதுவென்று தீர்மானிப்பது முற்றிலும் வீட்டாரின் கையில் வந்தது. இலங்கையில் நேர்முக வகுப்புகள் பல சனி ஞாயிறுகளிலேயே நடைபெறுவன. ஆசிரியையாகவோ எழுதுவினைஞராகவோ பணிபுரியும் மாணவி ஒருத்தி சனிக்கிழமை விடியற் பேருந்தில் ஏறுமுன், அன்றைய உணவைச் சமைத்து மூடிவைத்துவிட்டுப் போகிறாளா, அல்லது எழுந்து தேநீர் வைப்பவர் அவள் கணவரா என்பது, 1830இலே பேர்க்பெக் கழகத்தின் படியேறிய முதற் பெண்ணின் நாளிற் போலவே, இன்னும் அந்தந்த வீட்டிலேயே தீர்மானிக்கப்படுகிறது.